எடைமேடையில் பன்னிரண்டு நிமிடம்

என்னிடம் ரிப்பேருக்கு வரும் கம்ப்யூட்டர்களில் பத்துக்கு ஒன்பது மனிதர்கள் கெடுத்தவை. இதை நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஆனால் மனதுக்குள் அப்படித்தான் ஆரம்பிப்பேன். "தானாவே நின்னு போச்சுங்க" என்று யாராவது சொன்னால் உடனே எனக்கு மூக்கு வேர்த்துவிடும். தானாக எது நிற்கும்? யாரோ காபியைக் கொட்டியிருப்பார்கள், யாரோ படம் இறக்கியிருப்பார்கள், யாரோ எதையோ பிடுங்கியிருப்பார்கள். அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பதினான்கு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தச் சந்தேகம்தான் எனக்குச் சோறு போட்டிருக்கிறது.

பொங்கல் கழிந்த வாரத்தில் மாதேஸ்வரன் போன் செய்தார். கடத்தூர் ரோட்டில் அவருக்கு ஒரு எடைமேடை இருக்கிறது. மரவள்ளி அறுவடைக் காலம். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். விடியும் முன்பே லாரியும் டிராக்டரும் அவர் மேடைக்கு முன்னால் வரிசை கட்டிவிடும். பிடுங்கிய கிழங்கு வெயில் ஏற ஏற எடை குறையும் என்பதால் எல்லோருக்கும் முதல் ஆளாக ஏற வேண்டும். அங்கே இருக்கும் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்து மாட்டியதும் நான்தான்.

"சமரீனு, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நான் மட்டுந்தாங்கண்ணா. சொல்லுங்க."

"நம்ம மிஷினு காலையில ஆன் ஆவறதுக்குப் பன்னெண்டு நிமிசம் ஆவுது. ஒரு மாசத்துக்கு மேலயே இப்படித்தான். முன்ன ஒரு நிமிசங்கூட ஆவாது."

"அதுல ஏதாச்சும் வைரஸ்..."

"இரும்மா, சொல்ல உடு. மேடைக்கு மேல ரெண்டு கேமரா இருக்குதில்ல? கம்ப்யூட்டரு ஆன் ஆனாத்தான் அது தெரியும். நான் வூட்டுல டீ குடிச்சுக்கிட்டே போன்ல பாப்பேன். தெனமும் ஆறரைக்குத் தொறந்தா, பன்னெண்டு நிமிசம் கறுப்பாவே இருக்குது. அந்த நேரத்துல மேடை மேல என்ன ஏறுது, என்ன எறங்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எதுத்த டீக்கடைக்காரரு சொல்றாரு, லாரிங்க பாட்டுக்கு ஏறி எறங்குதாம்."

அது நடக்கக்கூடியதுதான். மேடையின் எடையைச் சிவப்பு எண்ணில் காட்டும் பெட்டி தனி. அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். கம்ப்யூட்டர் இருந்தால்தான் வண்டி போட்டோவோடு எடைச்சீட்டு வரும், பதிவு நிற்கும். கம்ப்யூட்டர் எழுந்திருக்காத நேரத்தில் ஒரு வண்டி ஏறி இறங்கினால் அதற்குச் சாட்சியே கிடையாது.

"அந்தப் புள்ள வேணும்னே பண்ணுதான்னு பாத்துச் சொல்லு. அதுங்கிட்ட ஒண்ணும் காட்டிக்காத. சர்வீஸுன்னு சொல்லிக்கிட்டு வா" என்றார்.

அந்தப் புள்ள என்றது கலைமதியை. நாலு வருஷமாக அந்த மேடையில் சீட்டுப் போடுகிறவள். இருபத்தாறு வயது. கடத்தூருக்கு அந்தப் பக்கம் புங்கமரத்துக்கொட்டாயிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். எனக்கு அவளைப் பிடிக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிரிக்க மாட்டாள். நான் போனால் நாற்காலியைக் காட்டுவாள், அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாதவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்கிற புத்தி எனக்கு.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் நான் நுழையும்போது அவள் ஒரு நோட்டை மூடி மேசை டிராயருக்குள் தள்ளினாள். வேகமாகத் தள்ளவில்லை, ஆனால் தள்ளினாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"சர்வீஸ். அண்ணன் சொன்னாரு" என்றேன்.

"காலையிலதாங்க அக்கா இது ஸ்லோ. இப்ப நல்லாத்தான் இருக்கும்."

"கம்ப்யூட்டருக்குக் காலையும் மத்தியானமும் தெரியுமாம்மா?"

அவள் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

நான் ரீஸ்டார்ட் செய்து, போனில் நேரம் பார்த்தேன். நாற்பது நொடி. இன்னொரு முறை, முப்பத்தெட்டு. முழுதாக அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து போட்டேன், நாற்பத்தொன்று. ஆரம்பத்திலேயே ஓடுகிற புரோகிராம்களைப் பார்த்தேன். வேண்டாதது ஒன்றும் இல்லை. வைரஸ் சோதனை, சுத்தம். விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கைச் சோதித்தேன், புதுசு மாதிரி இருந்தது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டாவதாக ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. மேடை ஆரம்பித்த வருஷத்தில் வாங்கிய முதல் கம்ப்யூட்டரில் இருந்தது அது. போன வருஷத்துக்கு முந்தின ஆவணியில் புதுசு மாற்றியபோது மாதேஸ்வரன் அதைத் தூக்கிப் போட விடவில்லை. "அது ராசியான டிஸ்க்கு, மொத லோடு ஏறுன கணக்கு அதுலதான் இருக்குது, புதுசுக்குள்ளயே வெச்சுடு" என்று ஒற்றைக்காலில் நின்றார். நானும் கேபிள் கொடுத்து மாட்டிவிட்டேன். ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் திறந்து அதன் மேலேயே சந்தனம் பூசிப் பொட்டு வைத்திருந்தார். டிஸ்க்குக்குப் பொட்டு வைக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தூசியை ஊதிவிட்டுப் பெட்டியை மூடினேன்.

அதற்குள் அவளுக்கு ஒரு போன் வந்தது. "ஆமாங்க, நாளைக்கு வாங்க. ஆறரைக்கு முன்னாடியே வந்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் திருப்புளியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்ததும் ஓரமாக நிறுத்தி மாதேஸ்வரனுக்குப் போன் செய்தேன்.

"மிஷின்ல ஒண்ணும் இல்லைங்கண்ணா" என்றேன். "நான் போட்டா நாப்பது நொடி. அது போட்டாப் பன்னெண்டு நிமிசம்னா, நீங்களே முடிவு பண்ணிக்குங்க. டிராயர்ல ஒரு நோட்டு வெச்சிருக்குது. என்னைப் பாத்ததும் உள்ள தள்ளுச்சு."

சொல்லும்போது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு பழுதைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி. அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

நான்காம் நாள், சனிக்கிழமை, எடைமேடை உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. அந்தக் குரூப்பில் ஒன்பது பேருக்கு நான்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன் என்பதால் என்னையும் சேர்த்திருந்தார்கள். கலைமதியின் போட்டோ. கூடவே ஒரு நோட்டின் பக்கம், வண்டி நம்பரும் எடையும் பேனாவில் வரிசையாக எழுதியது. கீழே மாதேஸ்வரன் எழுதியிருந்தார்: பெயர் கலைமதி, தகப்பனார் பெயர் கருப்பண்ணன், ஊர் புங்கமரத்துக்கொட்டாய், கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுக் கள்ள எடை போட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்டாள், யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம். அதற்குக் கீழே ஏழெட்டுக் கும்பிடும் கட்டைவிரலும்.

ஒரு சின்ன உறுத்தல் வந்தது. ஆனால் பிடிபட்டுவிட்டாள் என்றுதானே எழுதியிருக்கிறார் என்று நினைத்து போனைக் கீழே வைத்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் என் கடைப்படி ஏறி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மிஷின்ல ஒண்ணும் இல்லைன்னு நீங்க சொன்னீங்களாக்கா?"

"பாத்ததைச் சொன்னேன்."

"எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"என்னம்மா நீ, போலீஸ் மாதிரி கேக்கற?"

"நீங்க வர்றப்ப மணி பன்னெண்டு. நான் அன்னைக்கே சொன்னேன், காலையில மட்டுந்தான்னு. ஒரு நாளாச்சும் ஆறரைக்கு வந்து, நீங்களே சுவிட்சைப் போட்டுப் பாத்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. என் தொழிலை எனக்கே சொல்லித் தருகிறாள். "அந்த நோட்டு என்ன? அதுக்குப் பதில் சொல்லு மொதல்ல" என்றேன்.

"மொத ஆளா ஏறணும்னு போன் பண்றவங்களை ஆறரைக்கு முன்னாடியே வரச் சொல்லுவேன். இருபது வண்டி நிக்குதுங்க. டிரைவருங்க ஹாரன் அடிச்சு மண்டையப் பொளக்கறாங்க. கம்ப்யூட்டரு சுத்திக்கிட்டே இருக்குது. வண்டிய ஏத்தி, எடையப் பாத்து நோட்டுல எழுதிக்குவேன். கம்ப்யூட்டரு வந்ததும் எல்லாத்தையும் ஏத்திடுவேன். லோடை எறக்கிட்டுத் திரும்பி வர்றப்ப சீட்டு வாங்கிக்குவாங்க. கையில எடை எழுதக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காரு, எனக்கு முன்னாடி இருந்தவன் அப்படி எழுதித்தான் ஏமாத்துனானாம். அதான் டிராயர்ல வெச்சேன். ஏத்துனேனா இல்லியான்னு கம்ப்யூட்டர்லயே இருக்குது. யாராச்சும் பாத்தீங்களா?"

நான் மேசையில் திறந்து கிடந்த லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன்.

"அத்தன டிரைவருக்கு முன்னாடி எம் பையக் கவுத்துக் கொட்டச் சொன்னாரு. கொட்டுனேன்" என்றாள். அவள் குரல் உடையவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவள் நடிக்கிறாள் என்று மதியம் வரை நினைத்தேன். சாயங்காலம் வேறு மாதிரி நினைத்தேன். கடைசியில், என் பேச்சு சரி என்று அவள் முகத்தில் அடித்த மாதிரி நிரூபித்துவிட வேண்டும் என்ற வீம்பில்தான் அடுத்த நாள் காலை ஐந்தே முக்காலுக்கு வண்டியை எடுத்தேன். நல்லது செய்யப் போனேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பனி கொட்டியது. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போட்டும் கை விறைத்தது. மேடைக்கு முன்னால் பதினேழு வண்டிகள் நின்றன. கண்ணாடி அறையைத் திறந்துகொண்டிருந்தது மாதேஸ்வரனின் அக்கா மகன் பிரபாகர். சனிக்கிழமையிலிருந்து அவன்தான் உட்காருகிறான்.

"எவ்ளோ நேரமாவுது ஆன் ஆவறதுக்கு?" என்றேன்.

"அதே பன்னெண்டு நிமிசந்தாங்க அக்கா. நேத்து திங்கக்கிழம, பதினாலு."

"மாமங்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். அந்தப் பொண்ணு போறப்ப எதையோ வெச்சுட்டுப் போயிருக்குதுங்கறாரு."

அதாவது கலைமதி இருந்தால் அவள் நிறுத்தி வைக்கிறாள். அவள் இல்லாவிட்டால் எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எப்படிப் போட்டாலும் அவள் தலையில்தான் விழும். சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே, ஒருவேளை ஏதாவது நேரம் குறித்து ஓடுகிற புரோகிராம் வைத்திருப்பாளோ என்று எனக்கும் தோன்றியது. புத்தி போகிற போக்கு அப்படி.

ஆறு முப்பதுக்கு நானே சுவிட்சைப் போட்டேன். போனில் நேரம் ஓடவிட்டேன். திரையில் அந்த வெள்ளைப் புள்ளிகள் வட்டம் சுற்றத் தொடங்கின. ஒரு நிமிடம். இரண்டு. வெளியே ஒரு டிரைவர் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. ஐந்து நிமிடம். கண்ணாடியைத் தட்டி ஒருவர், "ஏம்மா, கெழங்கு காஞ்சு கருவாடாயிடும்" என்று கத்தினார். எட்டு நிமிடம். பிரபாகர் என்னைப் பார்க்கவில்லை, நான் அவனைப் பார்க்கவில்லை. இந்த நேரத்தில் ஒரு நோட்டு இருந்தால் நானும் எடையை எழுதத் தொடங்கியிருப்பேன். பன்னிரண்டு நிமிடம் பத்து நொடியில் திரை வந்தது.

என் கை, என் விரல், என் போன். இதில் கலைமதி எங்கே இருக்கிறாள்?

வண்டிகளைப் பிரபாகரிடம் விட்டுவிட்டு, வரிசை கரைந்தபின் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் தனக்குள் நடப்பதையெல்லாம் தேதி நேரம் போட்டு எழுதி வைக்கும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. முதல் தடவை வந்தபோது நானும் பார்க்கவில்லை; மனிதர்களைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். இப்போது திறந்தேன். அன்று காலை ஆறு முப்பத்தொன்றிலிருந்து ஒரே வரி, அரை நிமிடத்துக்கு ஒரு தரம், இருபத்து மூன்று தடவை இருந்தது. எழுதியிருந்தது டிஸ்க்குகளைக் கவனிக்கிற டிரைவர்.

இந்த டிரைவர் லாரி ஓட்டுகிறவர் இல்லை. விண்டோஸ் எழும்போதே ஓடுகிற ஒரு சின்ன புரோகிராம். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி, மாட்டியிருக்கிற ஒவ்வொரு டிஸ்க்கையும் கூப்பிட்டு "இருக்கிறாயா" என்று கேட்கும். ஒன்று பதில் சொல்லாவிட்டால் அரை நிமிடம் காத்திருக்கும், தட்டி எழுப்பும், மறுபடி கேட்கும். அது ஆஜர் முடிக்காமல் விண்டோஸ் மேலே நகராது. இருபத்து மூன்று தடவை கேட்டுக் கேட்டு, கடைசியில் அதை விட்டுவிட்டு மேலே போயிருக்கிறது. பின்னால் தள்ளித் தேதிகளைப் பார்த்தேன். கார்த்திகைக் கடைசியில் குளிர் இறங்கியபோது ஆரம்பித்திருக்கிறது. தினமும் காலையில் மட்டும். மேடைக்கு ஞாயிறு லீவு என்பதால் திங்கட்கிழமைகளில் அதிகம். நான் வந்த அன்று மதியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே நாள் காலையில் இருபத்து நான்கு.

எல்லாம் அங்கேயே எழுதியிருந்தது. நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்கு முன்னால்.

எந்த டிஸ்க் என்று எண் போட்டிருந்தது. விண்டோஸ் இருப்பது பூஜ்யத்தில். பதில் சொல்லாதது ஒன்றில். கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியைத் திறந்து, ஒன்றிலிருந்து போகிற கேபிளை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். காய்ந்த சந்தனத்தில் போய் நின்றது.

பழைய டிஸ்க். உள்ளே தட்டைச் சுழற்றுகிற மோட்டார் தேய்ந்துபோய், இரவெல்லாம் குளிர்ந்தால் காலையில் சுற்றத் திணறும். சூடு ஏறியபின் பதில் சொல்லும். அதனால்தான் மதியம் நாற்பது நொடி. சும்மா பழைய கணக்கு படுத்திருக்கிற டிஸ்க். யாரும் திறப்பதில்லை, அதனால் அது செத்துக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியவில்லை. மாட்டச் சொன்னவர் மாதேஸ்வரன். வெறுமனே உள்ளே வைத்துவிட்டிருக்கலாம். கேபிள் கொடுத்து மாட்டியது நான். அன்றைக்குப் பெட்டியைத் திறந்தபோது எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், இதைத் தவிர. என் கை மாட்டியது என்பதால் கேள்வியே இல்லை.

ஒரு தடவை அவசரப்பட்டவள், இன்னொரு தடவை அவசரப்படக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றி, இரவெல்லாம் குளிரட்டும் என்று அறைக்கு வெளியே சுவர் மேல் வைத்துவிட்டுப் போனேன். புதன்கிழமை காலை ஆறரைக்கு மறுபடி வந்தேன். அது இல்லாமல் போட்டேன், முப்பத்தைந்து நொடி. அணைத்து, பனியில் நனைந்திருந்ததைத் துடைத்து மாட்டிப் போட்டேன். பன்னிரண்டரை நிமிடம். கழற்றினேன், முப்பத்தைந்து நொடி. பிரபாகர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நோட்டு அவனிடம்தான் இருந்தது. வாங்கி, வரி வரியாகக் கம்ப்யூட்டரோடு ஒத்துப் பார்த்தேன். நூற்று நாற்பத்தாறு வண்டி. ஒவ்வொன்றும் ஏறியிருந்தது. ஒரு கிலோ மாறவில்லை. ஒரே ஒரு இடத்தில் வண்டி நம்பர் தப்பாக எழுதி, அடித்து, பக்கத்தில் சரியாக எழுதியிருந்தாள்.

மாதேஸ்வரன் ஒன்பது மணிக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதாங்கண்ணா. நீங்க சொன்னீங்க, நான் மாட்டுனேன். தப்பு என்னுதுதான். மத்தியானம் வந்து பாத்துட்டு உங்ககிட்ட உளறிட்டேன்."

"இது எட்டு வருசமா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு, "சரி. அந்தப் புள்ளய வரச் சொல்லு. நாளையில இருந்து வரட்டும்" என்றார்.

"குரூப்ல போட்டது?"

"அதெல்லாம் அப்படியே மறந்துடுவாங்க. நாலு பேரு எனக்குப் போன் பண்ணி, நல்ல வேளை சொன்னீங்கன்னு சொன்னாங்க. இப்ப போயி டிஸ்க்குன்னா சிரிக்க மாட்டாங்களா? நீயும் உட்டுடு. உனக்கும் நல்லதில்ல அது."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அந்தக் குரூப்பில் ஒன்பது பேருடைய கம்ப்யூட்டர் என் கையில் இருக்கிறது. சமரீன் மாட்டிய டிஸ்க், சமரீன் சொன்ன பொய் என்று தெரிந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

அதையே யோசித்துக்கொண்டு கடத்தூர் தாண்டிப் போனேன். புங்கமரத்துக்கொட்டாயில் அவர்கள் வீடு எது என்று கேட்டபோது ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "மேடையில திருடுச்சே, அந்தப் புள்ளயா?" என்றாள். நான்கே நாளில் குரூப்பை விட்டு இறங்கி இங்கே வரைக்கும் வந்திருந்தது. அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொல்ல? வழியைக் கேட்டுக்கொண்டு போனேன்.

கலைமதி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் உட்காராமலே முழுக்கச் சொன்னேன். டிஸ்க், குளிர், இருபத்து மூன்று தடவை, நூற்று நாற்பத்தாறு வண்டி. "என் தப்பு, மன்னிச்சுக்கோ" என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை நான் வாடிக்கையாளர்களிடம்கூடச் சொன்னதில்லை.

"நாளையில இருந்து வேலைக்கு வரச் சொன்னாரு" என்றேன்.

"குரூப்ல?" என்றாள் அவளும்.

நான் போனை எடுத்தேன். யோசித்தால் செய்ய மாட்டேன் என்று தெரியும். குரூப்பைத் திறந்து, பட்டனை அழுத்திக்கொண்டு பேசினேன். "நான் சமரீன் பேசறேன். மாதேஸ்வரன் அண்ணன் மேடையில கம்ப்யூட்டரு லேட்டானது, நான் மாட்டுன பழைய டிஸ்க்கு கெட்டுப் போனதால. அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லை. நோட்டுல எழுதுன அத்தன வண்டியும் கம்ப்யூட்டர்ல இருக்குது, நானே பாத்தேன். நான் சரியாப் பாக்காம, மிஷின்ல ஒண்ணும் இல்லைன்னு சொன்னதுதான் தப்பு." விட்டேன். போய்விட்டது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்டவர்களின் எண்ணிக்கை ஏறியது. நாலு. ஒன்பது. பதினைந்து. கும்பிடும் இல்லை, கட்டைவிரலும் இல்லை. பிறகு ஒருவர் எழுதினார்: நீயும் அதுல கூட்டா? அதற்குக் கீழே இன்னொருவர்: எங்க மேடையில இந்தம்மா என்னென்ன மாட்டி வெச்சிருக்குதோ.

பதினான்கு வருஷம் நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை. அது முதல் தடவையாக என் மேல் பட்டது. பதில் எழுத விரலை வைத்தேன். என்ன எழுதினாலும் மறைக்கிற மாதிரியே இருந்தது.

போன் அடித்தது. மாதேஸ்வரன். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கற? ஊரே என்னக் கேக்குது! ஒடனே அத அழி. எல்லாருக்கும் அழியற மாதிரி அழி. அழிச்சுட்டு அந்தப் புள்ளய நாளைக்கே வரச் சொல்லு. பிரபாகரு வேணாம், அதுவே இருக்கட்டும். நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். அழிக்கலைன்னா ரெண்டு பேரும் எம் மேடைப் பக்கமே வரக் கூடாது."

நான் கலைமதியைப் பார்த்தேன். அந்த வேலைதான் அந்த வீட்டு உலையில் அரிசி என்று வாசலைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "வேலை வேணாங்க மொதலாளி. அது அப்படியே இருக்கட்டும்" என்றாள். அவர் ஏதோ கத்தினார். நான் வைத்துவிட்டேன்.

வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "நான் வேற எங்கயாச்சும் சொல்லி வைக்கிறேன்" என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. குரூப்பை மேலே தள்ளி, தன் போட்டோவையும் அதற்குக் கீழே எழுதியிருந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுல எம் பேரு, எங்கப்பா பேரு, ஊரு எல்லாம் இருக்குது. நீங்க 'அந்தப் பொண்ணு'ன்னுதான் சொல்லியிருக்கீங்க."

துணிந்து உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவள் பெயரை என் வாய் விட்டுவிட்டிருந்தது. திருடி என்றபோது முழுப் பெயர், இல்லை என்றபோது யாரோ ஒருத்தி.

"இன்னொரு தடவ சொல்றீங்களா?" என்றாள்.

பட்டனை அழுத்தினேன். "கலைமதி" என்று ஆரம்பித்தேன். "அப்பா பேரு கருப்பண்ணன். ஊரு புங்கமரத்துக்கொட்டாய்." அவள் பக்கத்திலேயே நின்று, நான் ஒரு வார்த்தையும் விட்டுவிடாமல் சொல்கிறேனா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.